எழுத்தாளர் சந்திப்புக்குத் தோட்டத்து வாசகர் ஏன் வருவதில்லை?

2024 ஒக்டோபர் 6
நுவரெலியா வாசகர் ஒருவர் எழுதியது:

"வாசிப்பு மாதத்தை முன்னிட்டு எங்கள் பொது நூலகத்தில் எழுத்தாளர் சந்திப்பு ஒன்று வைத்தோம். நூறு கதிரை போட்டோம். பாடசாலைப் பிள்ளைகளையும் உத்தியோகத்தர்களையும் கழித்துவிட்டால் மிஞ்சியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு இலக்கியத்தில் அக்கறை இல்லை. இதை ஒப்புக்கொண்டு, இந்த மாதிரி நிகழ்ச்சிகளைக் கொழும்போடு நிறுத்திக்கொள்வதே மேல். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்."

2024 ஒக்டோபர் 6, இரவு
மறுக்கிறேன். என்ன கிழமை, எத்தனை மணி, உங்கள் பட்டினத்திலிருந்து தோட்டங்களின் மேற்பிரிவுகளுக்குக் கடைசி பஸ் எப்போது? இவற்றைச் சொல்லாமல் ஒருவருடைய அக்கறையை அளக்க வேண்டாம்.

2024 ஒக்டோபர் 7
பதில் வந்துவிட்டது: வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டரை.

வெள்ளிக்கிழமை இரண்டரைக்கு மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள். மாலை நிறுவை முடிய நாலரையாகும், சில தோட்டங்களில் ஐந்தும் ஆகும். பிறகு பிள்ளை மடுவத்தில் விட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) போய், பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்ட வேண்டும். இரண்டரைக்கு நூலகம் வந்தால் அன்றைய பேர் (ஒரு நாள் வேலைக் கணக்கு) போய்விடும். ஓர் எழுத்தாளரைப் பார்க்க ஒரு நாள் சம்பளத்தை விடச் சொல்கிறீர்கள். நீங்களும் நானும் விடுவோமா? உத்தியோகத்தர்கள் வந்தார்கள் என்றால், அவர்களுக்கு அது கடமை லீவு.

அழைப்பிதழின் படத்தையும் போட்டிருக்கிறார். அதைப் பற்றி நாளை.

2024 ஒக்டோபர் 8
அழைப்பிதழ் மங்கல விளக்கேற்றலில் தொடங்குகிறது. அடுத்து தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு நடனம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை (நான்கு பேர்), சிறப்புரை, நயவுரை, கௌரவிப்பு. அதற்கும் பிறகுதான் எழுத்தாளரின் ஏற்புரை, கடைசியாக நன்றியுரை. யாரைச் சந்திக்கக் கூப்பிட்டார்களோ அவர் வாய் திறப்பதற்குள் கடைசி பஸ் போய்விட்டிருக்கும். நான் போன ஒரு விழாவில் எழுத்தாளருக்குக் கிடைத்தது ஏழு நிமிடம். அதிலும் பாதியை, தமக்கு முன் பேசியவர்களுக்கு நன்றி சொல்வதில் செலவிட்டார். பாவம், வேறென்ன செய்வார்?

இது அப்படியே நூல் வெளியீட்டு விழாவின் நிகழ்ச்சி நிரல். அந்தச் சடங்கை நான் கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். அதற்கு ஒரு பொருளாதாரம் இருக்கிறது. நம் எழுத்தாளர்களில் பெரும்பாலோர் சொந்தக் காசில் அச்சடிப்பவர்கள். பதிப்பகத்தின் முன்பணம், உரிமைத்தொகை எல்லாம் கேள்விப்பட்ட சங்கதிகள்தான். முதற்பிரதி வாங்கும் வர்த்தகர் தரும் கடித உறையும், சிறப்புப் பிரதிகளுக்கு வரும் உறைகளும் சேர்ந்துதான் அச்சகத்துக் கடனை அடைக்கின்றன. வாழ்த்துரைக்கு நான்கு பேர் என்றால், அங்கே நான்கு உறை என்று படிக்க வேண்டும். எழுத்தாளர் அந்த மேடையில் கைகட்டி உட்கார்ந்திருப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

நூலகத்துக்கு அந்த உறை எதற்கு? விற்க வேண்டிய பிரதி ஒன்றுகூட இல்லாத இடம், விற்கிறவனுடைய சடங்கை எதற்காகப் பார்த்து எழுதிக்கொண்டது? என் கேள்வி அவ்வளவுதான்.

2024 ஒக்டோபர் 9
"அரசியல்வாதி வந்தால்தான் கூட்டம் வரும்" என்கிறார் கண்டி நண்பர். வரும். அவரோடு வந்து அவரோடு போகும். அவர் வரும்வரை விளக்கும் ஏற்ற மாட்டார்கள். நவம்பர் 14 பொதுத் தேர்தல் முடியும்வரை வேட்பாளர்களை மேடையேற்றத் துணியமாட்டார்கள். இலக்கியக் கூட்டங்கள் நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடிய இதைவிட நல்ல பருவம் கிடைக்காது. எங்கள் நூலகர் இதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு, எங்கும் எழுத வேண்டாம் என்றார். எழுதிவிட்டேன்.

2024 ஒக்டோபர் 13
இன்றைக்கு நேரம் இருக்கிறது. சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வெளியீட்டு விழாவில், மண்டபம் நிறைய ஆள் இருந்தாலும் அந்த நூலை வாசித்தவர்கள் எழுதியவரும், மெய்ப்புப் பார்த்தவரும், ஆய்வுரைக்காரரும் மட்டுமே. ஆய்வுரைக்காரரும் சில சமயம் சந்தேகம். அது இயல்பு, நூலே அன்றைக்குத்தானே வெளிவருகிறது. ஆனால் நூலகம் அப்படி இருக்க வேண்டியதில்லை. ஐம்பது பேர் ஒரு நூலைக் காசு கொடுக்காமல் வாசித்துவிட்டு, அதன் பிறகு எழுதியவரை எதிரே உட்காரவைத்துப் பேச நம் ஊரில் வேறு இடமில்லை. நூல் முதலில் போக வேண்டும், எழுத்தாளர் பின்னால் வர வேண்டும். நாம் தலைகீழாகச் செய்துவிட்டு, ஆள் வரவில்லை என்று குறைப்படுகிறோம்.

எங்கள் வாசகர் வட்டம் ஹட்டனுக்கு அப்பால் ஒரு சிறு பட்டினத்து நூலகத்தில் கூடுகிறது. (ஊரைக் கேட்க வேண்டாம். நூலகர் நல்லவர், மேலிடம் எப்போதும் அப்படியல்ல.) எழுத்தாளரிடம் பத்துப் பிரதி கழிவு விலைக்கு வாங்கி நூலகரின் அலுமாரியில் வைப்போம். ஒரு பயிற்சிக் கொப்பியில் பெயர் எழுதி எடுத்துப் போக வேண்டியது, திருப்பித் தர வேண்டியது. ஆறேழு வாரத்தில் அட்டையின் மூலை மடங்கும், பக்கங்களில் சாயத்தண்ணீர்க் கறை ஏறும். அதன் பிறகுதான் எழுத்தாளருக்குத் திகதி சொல்வோம். பதாகை கிடையாது. கதிரைகளை வட்டமாகப் போடுவோம். எழுத்தாளர் இரண்டு பக்கம் வாசிப்பார், பிறகு பேச்சு எங்கள் கையில்.

ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். எழுதியவர் தோட்டத்தில் பிறந்து, நெடுங்காலமாகக் கொழும்பில் இருப்பவர். தொகுப்பின் முதற்கதையில் ஒரு பெண், காலையிலிருந்து பெய்யும் மழையில் பறித்துவிட்டு மாலை நிறுவைக்கு வருகிறாள். தராசு 20 கிலோ காட்டுகிறது. தோட்டத்தில் பேர் விழ 18 வேண்டும். முழுப்பேர் விழுந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில் மகனுக்குச் சப்பாத்து வாங்கித் தருவதாகச் சொல்கிறாள். கதை அங்கே முடிகிறது. எனக்குப் பிடித்த கதை. வகுப்பில் வாசித்துக்கூடக் காட்டியிருக்கிறேன்.

மூன்றாவது கதிரையில் இருந்த ஓர் அக்கா கேட்டார்: "ஐயா, அந்த நிறுவையில் எத்தனை கிலோ கழித்தார்கள்?"

எழுத்தாளருக்கு விளங்கவில்லை. அக்கா விளக்கினார். சாக்குக்குக் கழிப்பார்கள். கொழுந்து நனைந்திருந்தால் தண்ணீருக்குக் கழிப்பார்கள். நீங்கள் காலையிலிருந்து மழை என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் 20 என்பது நிறுவைத் துண்டில் 20 ஆக விழாது. பக்கத்தில் இருந்தவர், மூன்று கிலோவாவது போகும் என்றார். இல்லை, எங்கள் கணக்கப்பிள்ளை நாலு கழிப்பார் என்றார் இன்னொருவர். இருவருக்கும் வாக்குவாதம். எப்படிப் பார்த்தாலும் பதினெட்டுக்குக் கீழே. அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு முழுப்பேர் இல்லை, சப்பாத்தும் இல்லை.

எழுத்தாளர் சற்று முறைப்பாகவே, "கதைக்கு அந்த விவரம் தேவைப்படவில்லை" என்றார்.

"எங்களுக்குத் தேவை" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் போனது யாருக்கும் தெரியவில்லை. கழிப்பு, தராசு, துண்டு, தொழிற்சங்கத்தில் சொல்லியும் நடக்காதது, கதையில் கணக்கப்பிள்ளைக்கு ஏன் முகமே இல்லை என்பது வரை எல்லாம் வந்தது. நான் கேட்ட நயவுரை எதிலும் இந்தக் கதை இப்படித் திறந்துகொண்டதில்லை. இலக்கியத்தில் அக்கறையில்லாத தோட்டத்து ஆட்கள் என்றீர்களே, அவர்கள் இவர்கள்தான்.

2024 ஒக்டோபர் 14
"கிலோக்கணக்குப் பார்ப்பது விமர்சனமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கதையின் முடிவே அந்தக் கிலோவில்தான் தொங்குகிறது. நிறுவை பொய்யானால் அந்த மகிழ்ச்சியும் பொய். இதைவிட அடிப்படையான விமர்சனம் எது என்று நீங்கள் சொல்லுங்கள்.

2024 ஒக்டோபர் 14, பிற்பகல்
ஆனாலும் அவர் கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது. ஒரு கவிஞர் வந்த அன்று இதே கூட்டம் அவரைப் படுத்திய பாடு சொல்லி மாளாது. பனி மூடிய ஒரு மலையைப் பற்றிய கவிதை. "இது எந்தத் தோட்டம்?" "எந்த மாதத்துப் பனி?" "அங்கே சவுக்கு மரம் இல்லையே!" அவர் மனதில் இருந்த மலையை யாரும் ஏற்கத் தயாராக இல்லை. வாழ்க்கையோடு ஒத்துப்பார்ப்பது கதைக்கு வலு, கவிதைக்குச் சில நேரம் இடைஞ்சல். கவிதையை எப்படி வட்டத்தில் வைத்துப் பேசுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டு முறை வாசிக்கவைத்துவிட்டு, சற்று நேரம் யாரையும் பேசவிடாமல் இருந்து பார்த்தோம். முன்னைவிடப் பரவாயில்லை.

2024 ஒக்டோபர் 20
நூலை முதலில் கொடு என்று சொல்வது சுலபம், அங்கத்துவம் இல்லாதவருக்கு எப்படிக் கொடுப்பது என்று பண்டாரவளை வாசகர் கேட்கிறார். புண் இருக்கும் இடம் அதுதான்.

பொது நூலகங்கள் உள்ளூராட்சி மன்றங்களின் கீழ் இயங்குகின்றன. பல இடங்களில் அங்கத்துவப் படிவத்துக்கு அந்த எல்லைக்குள் ஆதன வரி கட்டும் ஒருவருடைய பிணைக் கையொப்பம் கேட்பார்கள். லயத்தில் இருப்பவருக்கு வீடு சொந்தமில்லை, வரியும் இல்லை. அவருக்குத் தெரிந்தவர்களும் லயத்துக்காரர்கள். பட்டினத்துக் கடைக்காரரிடம் போய்க் கையொப்பம் கேட்க வேண்டும், ஏற்கெனவே அவரிடம் கடன் கணக்கு இருக்கும். அடுத்தது முகவரி. தனி இலக்கம் இல்லாத லயக் காம்பராவுக்குத் தபால் நேரே வராது, தோட்ட அலுவலகம் வழியாகத்தான் வரும். நூல் பிந்தினால் நினைவூட்டல் அட்டையை எங்கே அனுப்புவது என்று நூலகம் கேட்கும். நியாயமான கேள்விதான், ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பவர் வாசகர்.

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளைத் தன் சேவைக்கு வெளியே வைத்திருந்ததை மறக்க வேண்டாம். 2018இல் திருத்தம் வந்த பிறகுதான் தோட்டங்களுக்குள் சபை செலவு செய்யச் சட்டப்படி வழி திறந்தது. சட்டம் திருந்திவிட்டது. படிவம் திருந்தியதா என்று உங்கள் நூலகத்துக் கவுண்டரில் கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு நூலகத்தில், பிணைக்கு ஆதன வரிச் சிட்டை இல்லையென்று கொழுந்து பறிக்கும் ஒரு பெண்பிள்ளையைத் திருப்பியனுப்பினார்கள். அதே கிழமை அங்கே "வாசிப்போம், உயர்வோம்" என்று ஊர்வலம் போனது. ஊர்வலத்தில் அந்தப் பெண்ணின் தம்பி பதாகை பிடித்திருந்தான்.

பயிற்சிக் கொப்பி முறையை நாங்கள் கொண்டுவந்ததே இதனால்தான். பிரதிகள் வட்டத்தினுடையவை என்பதால் படிவம் தேவையில்லை. நூலகரின் அலுமாரி மட்டும் இரவல்.

2024 ஒக்டோபர் 22
மாத்தளை நண்பர், 1960களில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் வீரகேசரி நாளிதழின் மலைநாட்டுச் சிறுகதைப் போட்டிகளும் வந்த பிறகுதான் இங்கே இலக்கியக் கூட்டம் என்ற பழக்கமே ஏற்பட்டது என்கிறார். அந்தப் போட்டிகள் ஒரு தலைமுறையையே எழுத வைத்தன, சந்தேகமில்லை. ஆனால் பழக்கம் அதற்கு மூத்தது. மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் தாமே எழுதிய பாட்டுகளைப் பாடினார். அவை சிறு பிரசுரமாகவும் அச்சாயின. எழுதியவர் நேரில் வந்து தம் எழுத்தைத் தம் வாயால் சொல்ல, யாருக்காக எழுதினாரோ அவர்களே எதிரே இருந்து கேட்பது எழுத்தாளர் சந்திப்பு இல்லாமல் வேறென்ன? மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனார். அவருக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த ஆண்டே குடியுரிமை போய்விட்டது. வாக்கைப் பறிகொடுத்த அந்த மக்களின் பாட்டுகளைத்தான் அவர் தேடித் தொகுத்தார்.

இன்னொன்று: மாசியில் காமன் கூத்து நடக்கும்போது விடிய விடிய, கம்பளியைப் போர்த்திக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருப்பவர்களும் இந்த ஆட்களே. பொறுமை இல்லாதவர்கள் என்று யாரும் சொல்லவேண்டாம். வாழ்த்துரைக்குத்தான் அந்தப் பொறுமை இல்லை. எனக்கும் இல்லை.

2024 நவம்பர் 3
தீபாவளிக் களைப்பு. சின்னக் குறிப்பு மட்டும்.

ஒக்டோபரைத் தேசிய வாசிப்பு மாதமாக வைத்தவர்கள் நம் பக்கத்து மழையைக் கணக்கில் எடுக்கவில்லை. பருவ மழைகளுக்கு இடைப்பட்ட காலம். காலையில் வெயில், பிற்பகலில் இடி. தகரக் கூரை நூலகத்தில் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தால் மைக் இருந்தும் பயனில்லை. ஒரு நாவலாசிரியர் இருபது நிமிடம் பேசினார், நாங்கள் இருபது நிமிடம் அவர் வாயசைவைப் பார்த்தோம். கைதட்டல் மட்டும் சரியாக விழுந்தது.

2024 நவம்பர் 4
பதுளைக்காரர் திருத்துகிறார்: ஊவாப் பக்கம் ஒக்டோபரைவிட நவம்பர் முதல் ஜனவரி வரைதான் கடும் மழை, அங்கே ஜூலை, ஓகஸ்ட் நல்ல வெயில். உண்மை. எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவம் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை உதறும், ஜனவரி, பெப்ரவரி காய்ந்திருக்கும். கொழும்பில் உட்கார்ந்து ஒரே மாதத்தை எல்லாருக்கும் குறிக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? வாசிப்பு மாதத்துக்கு ஒதுக்கும் பணத்தை அந்த மாதத்திலேயே செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டுமாம். ஒக்டோபர் கடைசிக் கிழமையில் எல்லா நூலகத்திலும் ஒரே நேரத்தில் விழா முளைப்பதன் ரகசியம் இது.

2024 நவம்பர் 17
நூலகத்துக்கு ஆளைக் கூப்பிடுவதற்குப் பதில் எழுத்தாளரையே தோட்டத்துக்குக் கூட்டிப்போனால் என்ன என்று பலர். இதில் என் மனம் இரண்டு பக்கமும் போய் வருகிறது.

கோயில் மண்டபத்தில் ஒருமுறை வைத்தோம். நூலகத்தில் ஒருபோதும் பார்க்காத கிழவிகள் வந்தார்கள். ஓய்வூதியம் வாங்கும் ஒரு கங்காணி, கதையில் வரும் கங்காணி தாம்தான் என்று சண்டைக்கே வந்துவிட்டார். இடம் நிறைந்தது, பேச்சும் நிறைந்தது. ஆனால் அனுமதிக்குத் தோட்டத் துரையிடம் போக வேண்டியிருந்தது. "என்ன புத்தகம், சம்பளப் பிரச்சினை இருக்கிறதா?" என்று அலுவலகத்தில் விசாரித்தார்கள். கோயில் தலைவர் ஒரு சங்கம், செயலாளர் வேறு சங்கம், யார் தலைமை என்பதில் இழுபறி. நூலகத்தில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே யாரும் யாருக்கும் ஆள் இல்லை. ஒரு பெண் தன் கணக்கப்பிள்ளை காதில் விழாமல் கழிப்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் பட்டினத்து நூலகந்தான் வசதி. ஒக்டோபர் 13இல் நான் எழுதிய கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்த அக்கா, கோயில் மண்டபத்தில் வாயே திறக்கவில்லை. அதை நான் கவனித்தேன். எனவே இப்போதைக்கு நூலகம் என்பதே என் கட்சி. கிழவிகளை நினைத்தால் மட்டும் கட்சி ஆட்டம் காண்கிறது.

2024 டிசெம்பர் 1
பாடசாலைப் பிள்ளைகளைக் கதிரை நிரப்பக் கூட்டி வருவது பற்றி. நானும் ஆசிரியன், கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். முதல் நாள் கேள்விகளைத் துண்டில் எழுதிக் கொடுப்போம்: "உங்களை எழுதத் தூண்டியவர் யார்?" "மாணவர்களுக்கு நீங்கள் கூறும் அறிவுரை என்ன?" எழுத்தாளரும் அதற்கென்று வைத்திருக்கும் பதிலைச் சொல்வார். வடை, பிளேன்டீ, வீடு. ஒரு முறை ஒன்பதாம் ஆண்டுப் பையன் துண்டைத் தொலைத்துவிட்டான். எழுந்தவன் முழித்துவிட்டு, "இந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் எழுத உங்களுக்கு அலுப்பாக இருந்தது?" என்று கேட்டான். எழுத்தாளர் உடனே பக்கத்தைத் திறந்து காட்டினார்! அதிலிருந்து துண்டு எழுதிக் கொடுப்பதை விட்டுவிட்டேன். அதிபருக்கு அதில் வருத்தம்.

அச்சில் இல்லாத நூல்களுக்கு என்ன செய்வது என்று கேட்டவருக்கு: 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற பெயருடைய இணையத்தளத்தில் பழைய மலையக நூல்களும் இதழ்களும் நிறைய வருடி ஏற்றப்பட்டிருக்கின்றன. பிள்ளைகள் கைப்பேசியிலேயே வாசிக்கிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு கதையை மட்டும் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தால் போதும்.

2024 டிசெம்பர் 15
எந்த நாள் என்று பலர் கேட்டதற்கு எங்கள் பக்கத்து விடை: சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு. பத்தாம் திகதி சம்பளம் கைக்கு வரும், அந்த ஞாயிறு எப்படியும் சாமான் வாங்கப் பட்டினத்துக்கு வருவார்கள். பஸ் காசு தனியாகத் தேவையில்லை. காலை பதினொரு மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் முடித்துவிட வேண்டும், அரிசிப் பையைக் கதிரைக்கு அடியில் வைத்துக்கொள்ள இடம் விட வேண்டும். ஜனவரியில் அந்த ஞாயிறு பொங்கலுக்கு முந்தியதாக விழுகிறது, யாரும் நிற்கமாட்டார்கள். ஆகவே அடுத்த சந்திப்பு பெப்ரவரி 16.

எழுத்தாளர் கொழும்பிலிருந்து முதல் நாளே ரயிலில் வருகிறார், எங்கள் வீட்டில் தங்குகிறார். பொன்னாடை கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம், அந்தக் காசு அவருடைய டிக்கெட்டுக்குப் போகிறது. பிரதிகள் அலுமாரியில் இருக்கின்றன, கொப்பியில் பதினான்கு பெயர் விழுந்துவிட்டது. நுவரெலியாவிலிருந்து வர விரும்புகிறவர்கள் வாசித்துவிட்டு வரவும். வாசிக்காமல் வந்தாலும் கதிரை உண்டு, கேள்வி கேட்கும் முறை மட்டும் கடைசியில்.

மற்றவற்றுக்கு அடுத்த கிழமை பதில் எழுதுகிறேன். விடைத்தாள் கட்டு ஒன்று மேசையில் கிடக்கிறது.